சுவிட்ச் யார் கையில்? போராட்டங்களும் தகவல் தொடர்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய போராட்டம் ஒன்று ஓய்ந்ததும் அதற்கு "ஃபேஸ்புக் புரட்சி", "வாட்ஸப் போராட்டம்" என்று பெயர் வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெயர் சரியா, முன்பெல்லாம் எப்படி ஆள் சேர்த்தார்கள், நெட்டை நிறுத்தினால் கூட்டம் கலையுமா என்ற கேள்விகளும் கூடவே வருகின்றன. பெரும்பாலும் இந்தியாவையும் அக்கம்பக்கத்து நாடுகளையும் வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கடல் தாண்டிப் போயிருக்கிறேன்.

வாட்ஸப் இல்லையென்றால் இன்றைய போராட்டங்களே நடந்திருக்காதா?

நடந்திருக்கும். விலைவாசி, வேலையின்மை, போலீஸ் அடி, பறிபோன நிலம் என்று கோபத்துக்கான காரணங்கள் போனுக்கு வெளியேதான் இருக்கின்றன. போன் கூட்டுவது வேகத்தை. முன்பின் தெரியாதவர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதும் அதனால் எளிதாகிறது.

ஆனால் எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்று. இந்த வழியை மூட வேண்டுமென்றால் அதன் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது? அச்சகம் என்றால் போலீஸ் வந்து பூட்டிவிடலாம். தந்திக் கம்பி அரசாங்கத்தின் சொத்து. பத்தாயிரம் வீடுகளில் கிடக்கும் கேசட்டை யாரும் பூட்ட முடியாது. போராட்டக்காரர்களின் கதையில் பாதி, அரசின் கை எட்டாத ஒரு வழியைத் தேடி அலைந்த கதைதான்.

இது எப்போது தொடங்கியது?

நம் ஊர்க் கதைக்கு 1857 நல்ல தொடக்கம். மே 11 ஆம் தேதி மீரட்டிலிருந்து சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்தபோது, டெல்லித் தந்தி அலுவலகத்திலிருந்து அம்பாலாவுக்குச் செய்தி பறந்தது. பஞ்சாபில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் உஷாராகிவிட்டார்கள். கலகக்காரர்கள் போகும் வழியெல்லாம் தந்திக் கம்பியை அறுத்ததற்குக் காரணம் இருந்தது. புதிய தொழில்நுட்பம் முழுக்க எதிராளி கையில் இருந்தது.

அதே வருடத் தொடக்கத்தில் வட இந்தியக் கிராமங்களில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது: சப்பாத்தி. ஒரு ஊர் சௌக்கிதார் (ஊர்க் காவலர்) பக்கத்து ஊர் சௌக்கிதாரிடம் சில சப்பாத்திகளைக் கொடுத்து, இதேபோல் சுட்டு அடுத்த ஊருக்கு அனுப்பச் சொல்வார். எழுத்து கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அதன் அர்த்தம் இதுதான் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றுவரை ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது என்பது மட்டும் நிச்சயம். ஃபார்வர்டு மெசேஜுக்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியாது.

பத்திரிகைகளைப் பார்த்து ஆங்கிலேயர் ஏன் அவ்வளவு பயந்தார்கள்?

எல்லாப் பத்திரிகைகளையும் பார்த்துப் பயப்படவில்லை. 1878 இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும்தான். ஆங்கிலப் பத்திரிகைகளை அது தொடவில்லை. வங்காளத்தில் வந்துகொண்டிருந்த 'அம்ருத பஜார் பத்ரிகா' சட்டம் வந்த கையோடு அடுத்த இதழையே முழு ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டது. சட்டம் ஓட்டை வைத்தது, அவர்கள் அதன் வழியாக வெளியே வந்தார்கள்.

தமிழில் இதற்கு இணையான கதை பாரதியின் 'இந்தியா' வாரப் பத்திரிகை. 1906 இல் சென்னையில் தொடங்கியது. சிவப்புத் தாளில் வரும், கேலிச் சித்திரம் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுபவருக்கும் படம் புரியுமே! 1908 இல் பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியர் கைதாகிச் சிறைக்குப் போனார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். அதே ஆண்டு பத்திரிகை அங்கிருந்து வரத் தொடங்கியது. அந்த அச்சகத்தைப் பூட்ட ஆங்கிலேயருக்கு அதிகாரம் இல்லை. எனவே அவர்கள் தபாலைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை நுழையத் தடை வந்தது, 1910 இல் 'இந்தியா' நின்றுபோனது. அச்சிட ஒரு சுவிட்ச், கொண்டுபோய்ச் சேர்க்க இன்னொரு சுவிட்ச். முதலாவதிலிருந்து தப்பித்தவர்கள் இரண்டாவதில் மாட்டிக்கொண்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செய்தி எப்படிப் போனது?

பாட்டாக. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். 'கத்தியின்றி ரத்தமின்றி' என்று நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த நடைப்பாட்டு, நடந்தவர்களைவிடப் பல மடங்கு தூரம் போனது.

அப்புறம், உரக்கப் படிப்பது. திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் டீக்கடை பெஞ்சிலும் சலூனிலும் படிப்பகத்திலும் ஒருவர் 'விடுதலை'யோ 'திராவிட நாடு'வோ 'முரசொலி'யோ வாசிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். ஒரு பிரதி எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை விற்பனைக் கணக்கை வைத்துச் சொல்லவே முடியாது. இதோடு மைக் செட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானொலி அரசிடம் இருந்தது, தெருமுனைக் கூட்டத்துக்கான மைக் வாடகைக்குக் கிடைத்தது.

காங்கிரஸ் ரேடியோ என்கிறார்களே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1942 ஆகஸ்ட் 8 இரவு பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. விடிவதற்குள் காந்தி, நேரு உள்ளிட்ட தலைவர்கள் எல்லோரும் கைது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று அடுத்த ஊருக்குத் தெரியாது. ஆல் இந்தியா ரேடியோ அரசு சொல்வதை மட்டும் சொன்னது. அதை இவர்கள் 'ஆன்டி இந்தியா ரேடியோ' என்றே அழைத்தார்கள்.

அப்போது உஷா மேத்தாவுக்கு 22 வயது, பம்பாயில் மாணவி. நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு டிரான்ஸ்மிட்டரை ஏற்பாடு செய்தார். ஆகஸ்ட் 27 அன்று முதல் ஒலிபரப்பு. "இது காங்கிரஸ் ரேடியோ, 42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கிருந்தோ பேசுகிறோம்" என்ற அறிவிப்போடு நிகழ்ச்சி தொடங்கும். அந்த 'எங்கிருந்தோ' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. போலீஸின் கருவிகள் அலை வரும் திசையைத் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். டிரான்ஸ்மிட்டர் என்பது கைக்கு அடக்கமான சாமான் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு புதிது புதிதாக வாடகை வீடு பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். சிட்டகாங்கில் குண்டு விழுந்தது, ஜாம்ஷெட்பூரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று பத்திரிகைகள் தொடப் பயந்த செய்திகளை அவர்கள் சொன்னார்கள். சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவும் அதில் பேசியிருக்கிறார். முடிவில் வந்தே மாதரம் இசைத்தட்டு ஓடும்.

நவம்பர் 12 அன்று சிக்கினார்கள். கூட இருந்த தொழில்நுட்ப ஆள் ஒருவர் போலீஸிடம் சொல்லிவிட்டார். கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் உள்ளே வந்தபோது அந்த இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. விசாரணை முழுக்க வாய் திறக்காத உஷா மேத்தாவுக்கு நான்கு வருடச் சிறை.

மொத்தம் மூன்று மாதம்கூட இல்லை. அந்த ஒலிபரப்பால் ஆட்சி கவிழ்ந்துவிடவும் இல்லை. ஆனால் தலைவர்கள் எல்லோரும் உள்ளே இருந்த நேரத்தில் இயக்கம் சாகவில்லை என்ற செய்தியை இருபது வயது சொச்சக்காரர்கள் காற்றில் வைத்திருந்தார்கள்.

ஒரே இரவில் ஊரைத் திரட்டுவது இன்டர்நெட்டுக்கு முன்னால் சாத்தியமா?

அமெரிக்காவின் மான்ட்கோமரியில் 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு, தன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மெஷினில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள் என்ற துண்டறிக்கை, விடிவதற்குள் பல்லாயிரம் பிரதிகள்.

சைக்ளோஸ்டைல் பார்த்திராதவர்களுக்கு: மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில், ரிப்பனை விலக்கிவிட்டு டைப் அடித்தால் எழுத்து விழும் இடம் திறந்துகொள்ளும். அதை மை தடவிய உருளையில் மாட்டிச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஒரு தாள். சுற்றி முடிப்பதற்குள் விரலெல்லாம் மை. நம் ஊரில் வினாத்தாளும் தொழிற்சங்க நோட்டீஸும் ரொம்ப நாள் இப்படித்தான் வந்தன. பெரிய அச்சகம் வேண்டாம், அனுமதி வேண்டாம், அலுவலகச் சாவி கையில் இருந்தால் போதும்.

ஆனால் அந்தப் பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததற்குக் காரணம் துண்டறிக்கை இல்லை. வேலைக்குப் போக வேண்டியவர்களை ஏற்றி இறக்க அவர்கள் நூற்றுக்கணக்கான கார்களை வைத்து ஒரு போக்குவரத்துக் கழகமே நடத்தினார்கள். யார் வண்டி, எந்த நிறுத்தம், பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து என்று வாரா வாரம் தேவாலயங்களில் கூடிப் பேசினார்கள்.

கேசட் ஒரு ஆட்சியைக் கவிழ்த்தது என்பது உண்மையா?

ஈரானைச் சொல்கிறார்கள். 1978 அக்டோபரிலிருந்து, மன்னர் ஷாவை எதிர்த்த மதத் தலைவர் கொமெய்னி பாரிசுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தார். அவர் பேச்சு டெலிபோன் வழியாக டெஹ்ரானுக்குப் போகும், அங்கே டேப்பில் பதிவாகும், அது நூறு கேசட்டாகும், பேருந்துகளில் ஊர் ஊராகப் போகும். டிவி, ரேடியோ எல்லாம் ஷாவிடம் இருந்தன. டேப் ரிக்கார்டர் மட்டும் மக்களிடம் இருந்தது. 1979 பிப்ரவரி 1 அன்று கொமெய்னி ஊர் திரும்பினார்.

கேசட்டுக்குப் பின்னால் மசூதிகளும் கடைத்தெருவும் இருந்ததை மறந்துவிட்டு கேசட்டை மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. கேட்டவர்களை ஒன்றாக உட்கார வைக்க ஓர் இடம் தயாராக இருந்தது.

எஸ்எம்எஸ் காலத்தில் என்ன நடந்தது?

2001 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் அதிபர் எஸ்ட்ராடா மீதான ஊழல் விசாரணையில், முக்கியமான ஆதாரம் இருப்பதாகச் சொல்லப்பட்ட உறையைத் திறக்க வேண்டாம் என்று செனட்டர்கள் வாக்களித்தார்கள். டிவியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்த மணிலா மக்களின் போன்கள் அன்றிரவே அதிர ஆரம்பித்தன. கறுப்பு உடுத்திக்கொண்டு எட்சா சாலைக்கு வா என்பதுதான் மெசேஜ். நான்கு நாளில் எஸ்ட்ராடா மாளிகையை விட்டு வெளியேறினார்.

நெட்டை நிறுத்தினால் போராட்டம் நிற்குமா?

எகிப்து 2011 ஜனவரி 28 அதிகாலை நாடு முழுவதும் இன்டர்நெட்டை நிறுத்தியது. ஐந்து நாள். அதிபர் முபாரக் பதவி விலகியது பிப்ரவரி 11. நடுவில் கூட்டம் பெருகியதே தவிர குறையவில்லை. வீட்டில் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், செய்தி வராவிட்டால் வாசலுக்கு வந்துதானே பார்ப்பான்?

இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. 'கோட்டா கோ ஹோம்' கோஷம் கிளம்பியிருந்த நேரம். அதிபர் கோட்டாபயவின் அண்ணன் மகனும் அப்போதைய அமைச்சருமான நாமல் ராஜபக்சவே, தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் இருக்கும்போது இப்படித் தடை செய்வது வீண் வேலை என்று ட்விட்டரில் எழுதினார், அதையும் விபிஎன் வழியாக! ஒரு நாளுக்குள் தடை விலகியது. ஒரு வாரத்தில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடாரங்கள் முளைத்தன, ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டே போனார்.

நேபாளம் 2025 செப்டம்பர் 4 அன்று, பதிவு செய்துகொள்ளவில்லை என்று 26 தளங்களை முடக்கியது. பதிவு செய்திருந்த டிக்டாக் தப்பித்தது. அரசியல்வாதிகளின் பிள்ளைகள் வாழும் ஆடம்பர வாழ்க்கையைக் காட்டும் வீடியோக்கள் அங்கே ஓடிக்கொண்டே இருந்தன. 8 ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் பிரதமர் ஓலி ராஜினாமா. அடுத்து யார் என்று அவர்கள் விவாதித்து வாக்களித்தது, கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் என்ற செயலியில். 12 ஆம் தேதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார்.

இதை வைத்து, நிறுத்தினால் எப்போதும் அரசுக்கே ஆபத்து என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட 4ஜி திரும்பி வர 18 மாதம் ஆனது. ஆட்சியை அசைக்கும் கூட்டம் ஒன்றும் கிளம்பவில்லை. தெருவில் போதுமான படை நின்றால் சுவிட்ச் வேலை செய்கிறது.

இந்தியாவில் எந்தச் சட்டத்தின் கீழ் நெட்டை நிறுத்துகிறார்கள்?

பல வருடங்களாக அது 1885 ஆம் வருடத் தந்திச் சட்டம். இன்டர்நெட்டை நிறுத்துவதற்கான 2017 விதிகளும் அதன் கீழ்தான் வந்தன. தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடுவிழா கண்டது, தந்திச் சட்டம் அதற்கப்புறமும் பத்து வருடம் தெம்பாக இருந்தது! 2023 இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 விதிகளும் இப்போது அந்த இடத்தில் இருக்கின்றன. காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நெட் துண்டிக்கப்பட்டது.

வதந்தியைத் தடுக்கத்தானே செய்கிறார்கள்?

வதந்தி நிஜமான பிரச்சினைதான். 2012 ஆகஸ்டில் பரவிய பொய் மெசேஜ்களை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர்கள் பெங்களூரு, புனே, சென்னையிலிருந்து ரயில் ரயிலாக ஊருக்குக் கிளம்பினார்கள். அப்போது அரசு செய்தது, மொத்த மெசேஜ்களைத் தடுத்து, ஒரு நாளைக்கு 5 எஸ்எம்எஸ் என்று வரம்பு வைத்தது. அம்மாவுக்கு "பத்திரமாக இருக்கிறேன்" என்று சொல்ல அது போதும். மூன்று மாவட்டத்தின் நெட்டையே துண்டிப்பதற்கும் இதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

ஜல்லிக்கட்டுப் போராட்டம் சமூக வலைத்தளத்தின் வெற்றிதானே?

ஆம், ஐந்து நாளுக்கு. 2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் போராடத் தொடங்கியவர்கள் கைதானார்கள். மறுநாள் காலை சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சில நூறு பேர். இரவுக்குள் ஆயிரக்கணக்கில். கடற்கரை இருட்டில் செல்போன் டார்ச்சுகளை உயர்த்திப் பிடித்த அந்தப் படம்தான் இன்றும் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. யாரும் மேடை போடவில்லை. கட்சிக்காரர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. எத்தனை தண்ணீர் பாட்டில் வேண்டும், எங்கே குப்பை அள்ள வேண்டும் என்பதெல்லாம் வாட்ஸப் குரூப்பில் முடிவானது. அவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று நகரமே வியந்தது.

21 ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. இங்கேதான் சிக்கல். அதை ஏற்பதா, நிரந்தரச் சட்டம் வரும்வரை உட்காருவதா? முடிவெடுக்க ஆள் இல்லை. தலைவர் இல்லாததால் அரசால் யாரையும் விலைக்கு வாங்க முடியவில்லை, அது பலம். அதே காரணத்தால் "முடிந்தது, கிளம்பலாம்" என்று சொல்லவும் யாருக்கும் வாய் இல்லை. ஆதரித்த பிரபலங்கள் சிலர் விலகுவதாக வீடியோ போட்டார்கள், அதற்குப் பதில் வீடியோ வந்தது. 23 ஆம் தேதி காலை போலீஸ் இறங்கியது. கடற்கரையை ஒட்டிய குடியிருப்புகள் அடி வாங்கின. அன்று மாலையே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஒரு நாள் முன்னால் நம்பத்தக்க ஒருவர் எழுந்து பேசியிருந்தால் அந்தக் காலை வேறு மாதிரி விடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

டெல்லி எல்லையில் விவசாயிகள் ஏன் அச்சுப் பத்திரிகை தொடங்கினார்கள்?

2020 டிசம்பர் 18 அன்று சிங்கு, திக்ரி எல்லைகளில் 'டிராலி டைம்ஸ்' வெளிவந்தது. பஞ்சாபியிலும் இந்தியிலும் நான்கு பக்கம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் போன் இருந்த காலம்! ஆனால் முகாம்கள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்தன. மேடையில் என்ன பேசினார்கள் என்பது கடைசி டிராக்டருக்குத் தெரியாது. டிராலியில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குக் கையில் பிடித்துப் படிக்க ஏதாவது வேண்டும், டிவி சேனல்கள் மேல் நம்பிக்கை போயிருந்தது. 2021 ஜனவரி 26 டிராக்டர் பேரணிக்குப் பிறகு எல்லைகளில் நெட் துண்டிக்கப்பட்டபோது, காகிதம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 28 இரவு காஜிப்பூர் எல்லையில் விவசாயிகள் தலைவர் ராகேஷ் திகாயத் கண்ணீர் விட்ட வீடியோ மேற்கு உத்தரப் பிரதேசம் முழுக்கப் பரவியது. மறுநாள் முசாபர்நகரில் மகாபஞ்சாயத்து கூடியது. வீடியோ போன வேகம் போனுடையது. கேட்டவர்கள் உடனே கூடுவதற்கான பழக்கம் பஞ்சாயத்துடையது. சுமார் 40 சங்கங்கள் ஒரே குடையின் கீழ் இருந்தன, யார் பேசினால் செல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். நவம்பர் 19 அன்று பிரதமர் அவர்கள் எதிர்த்த வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோதும் அவர்கள் உடனே கலையவில்லை. கூடிப் பேசி, எழுத்தில் உறுதி வாங்கி, தேதி குறித்துக்கொண்டு டிசம்பரில் ஊருக்குக் கிளம்பினார்கள்.

போன் போலீஸுக்கும் உதவுகிறதே?

நிறையவே. யார் எங்கே இருந்தார் என்று டவர் சொல்லும், குரூப்பில் யார் யார் என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் சொல்லும். போராட்டத்தை லைவ் போட்டவரின் வீடியோவே அவர் மேல் சாட்சியாகும். உளவு பார்க்க முன்பு ஆள் அனுப்ப வேண்டும், இப்போது நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

2019 இல் ஹாங்காங் இளைஞர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். டெலிகிராமில் திட்டம் போட்டார்கள், சீனப் பெருநிலத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் ஐபோன்களுக்கு நெட்டே தேவைப்படாத ஏர்டிராப் வழியாகத் துண்டறிக்கை அனுப்பினார்கள், முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போக மெட்ரோ ரயில் ஏற வேண்டுமே. எல்லோரிடமும் இருக்கும் ஆக்டோபஸ் அட்டையைத் தேய்த்தால் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு ஏறினோம் என்பது பதிவாகிவிடும். அதனால் ஜூன் 12 இரவு, காசு போட்டு ஒரு முறைப் பயணச் சீட்டு வாங்கும் மெஷின்களுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. சில்லறை இல்லாமல் வருபவர்களுக்காக, முன்னால் போனவர்கள் நாணயங்களை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.